மூளைக்குள் ஊரும் தண்ணீர்

இன்றைய பேச்சை ஒரு சின்னப் பரிசோதனையோடு தொடங்குவோம். இதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அலை அடங்கும்வரை அசைக்காமல் வைப்போம். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தில் ஒரே ஒரு சொட்டை அதில் விடுவோம். கரண்டி போட்டுக் கலக்கக் கூடாது. சொட்டு முதலில் நூல் நூலாய்க் கீழே இறங்கும். அப்படியே விட்டுவிட்டு, நம் வேலைகளை முடித்துக்கொண்டு மாலையில் வந்து பார்த்தால் குவளை முழுவதும் இளநீலமாய் இருக்கும். கலக்கியது யார்? யாரும் இல்லை. தண்ணீரின் நுண்துகள்கள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் ஓயாமல் அலைகின்றன. அந்த அலைச்சல்தான் நீலத்தைக் குவளையெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. தமிழில் இதற்கு விரவல் என்று பெயர்.

1827-ஆம் ஆண்டில் இராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலார், மகரந்தப் பொடியிலிருந்து வந்த துகள்கள் தண்ணீரில் தாமாகவே நடுங்குவதை நுண்ணோக்கியில் கண்டு வியந்தார். 1905-இல் ஐன்ஸ்டைன் அந்த நடுக்கத்துக்குக் காரணம் சொன்னார். இத்தனை நேரத்தில் ஒரு துகள் சராசரியாக இத்தனை தூரம் விலகும் என்று கணக்கும் போட்டுக் கொடுத்தார். பக்கவாதம் வந்து விழுந்த ஒருவருக்கு ஊசி போடலாமா, கூடாதா என்று மருத்துவர் முடிவு செய்யும்போது அந்தக் கணக்கு இன்று கைகொடுக்கிறது. அது எப்படி என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். விடியற்காலை 5 மணி. பால் வெட்டப் போக வேண்டியவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "என்னங்க, பெரட்டுக்கு நேரமாச்சு" என்று மனைவி எழுப்புகிறார். கணவர் எழ முயல்கிறார். வலக் கையைத் தூக்க வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. பேச்சு குழறுகிறது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடி வருகிறார். "காத்து அடிச்சிருச்சு, தைலம் போட்டு நல்லா தேய்ச்சா இறங்கிரும்" என்கிறார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். வாதம் என்ற நம் சொல்லே காற்றைத்தான் குறிக்கிறது. நம்மோடு வாழும் மலாய்க்காரர்களும் இந்த நோயை 'அங்கின் அஹ்மார்', அதாவது சிவப்புக் காற்று என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். திடீரென வந்து ஆளைச் சாய்த்துவிட்டுப் போவதால் எல்லாருக்கும் காற்றின் நினைவு வந்திருக்கிறது. ஆனால் வந்தது காற்று அல்ல. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்க ஒரே அடையாளந்தான். மருத்துவமோ நேர் எதிரானது. அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்க ஊசி போடலாம். கசிவு என்றால் அதே ஊசி உயிரைக் குடித்துவிடும்.

அடைப்பு ஏற்பட்டதும் உள்ளே நடப்பதைச் சமையலறையில் வைத்தே புரிந்துகொள்ளலாம். பாயாசத்துக்குச் சவ்வரிசி ஊற வைக்கிறோம் அல்லவா? ஊற்றிய உடனே பார்த்தால் மணிக்கு மணி இடைவெளி இருக்கும். தண்ணீர் அந்தச் சந்துகளில் தாராளமாய் ஓடும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, ஒன்றோடொன்று நெருங்கிப் போயிருக்கும். தண்ணீர் நகர வழி குறைந்துவிடும். மூளையின் உயிரணுக்களும் அப்படித்தான். நல்ல நிலையில் அவை தமக்குள் புகும் உப்பை, படகில் புகும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த வேலைக்குச் சக்தி வேண்டும். சக்திக்கு இரத்தம் வேண்டும். இரத்தம் நின்ற சில நிமிடங்களில் இறைப்பு நின்றுவிடுகிறது. உப்பு உள்ளே தங்குகிறது. உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே போகிறது. உயிரணு உப்புகிறது. சந்துகள் ஒடுங்குகின்றன. ஓடியாடிய தண்ணீர் அந்த இடத்தில் முடங்கிப் போகிறது.

மூளையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே தண்ணீர் எங்கே முடங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தால், அடைப்பினால் கெட்ட இடம் எதுவென்று தெரிந்துவிடும். மண்டையோட்டைத் திறக்காமல் அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் எம்.ஆர்.ஐ. என்ற காந்தப் படக்கருவி வருகிறது. நோயாளியை ஒரு பெரிய காந்தக் கூண்டுக்குள் படுக்க வைத்து, உடம்பிலுள்ள தண்ணீரிலிருந்து சமிக்ஞை வாங்கிப் படம் ஆக்கும் கருவி இது. இந்த வழியைக் கண்டதற்காக அமெரிக்கரான பால் லாட்டர்பர், ஆங்கிலேயரான பீட்டர் மேன்ஸ்பீல்டு ஆகிய இருவருக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. படம் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டும். அது நகர்கிறதா, முடங்கியிருக்கிறதா என்று காட்ட இன்னொரு தந்திரம் வேண்டும்.

பெரட்டுக் களத்தை நினைத்துப் பாருங்கள். மண்டோர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, அவரவர் நிற்கும் இடத்துக்கு ஓர் எண் கொடுக்கிறார். கண்ணை மூடித் திறந்து, அதே எண்ணை மறுபடி கூப்பிடுகிறார். நின்ற இடத்தில் நிற்பவர் சரியாகக் குரல் கொடுப்பார். இடம் மாறிவிட்டவரின் குரல் குளறுபடியாகிவிடும். எம்.ஆர்.ஐ. செய்வதும் இதுதான். காந்தப் புலத்தை ஒரு திசையில் சரித்து ஒரு துடிப்பு கொடுக்கிறது. நொடியில் சில நூறில் ஒரு பங்கு கழித்து மறுபடி ஒரு துடிப்பு. அதற்குள் தண்ணீர்த்துகள் நகரும் தூரம் ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. அந்தச் சிறு நகர்வும் கருவிக்குப் போதும். நகர்ந்த தண்ணீரின் குரல் மங்குகிறது. அந்த இடம் படத்தில் கறுப்பாகிறது. முடங்கிய தண்ணீர் உரக்கக் குரல் கொடுக்கிறது. அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது.

இந்த இரட்டைத் துடிப்பு முறையை 1965-இல் ஸ்டெஜ்ஸ்கல், டானர் என்ற இருவர் ஆய்வுக்கூடத்தில் வகுத்தார்கள். 1980-களின் நடுவில் பிரான்சு நாட்டு மருத்துவர் டெனிஸ் லெ பிஹான் அதைக் கொண்டு மனித மூளையைப் படம் எடுத்தார். 1990-இல் சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் மோஸ்லியும் உடன் உழைத்தவர்களும் பூனைகளின் மூளைக் குழாயை அடைத்துப் பார்த்தார்கள். சாதாரணப் படத்தில் 2, 3 மணி நேரம்வரை ஒன்றும் தெரியவில்லை. விரவல் படத்திலோ 45 நிமிடத்திலேயே கெட்ட இடம் பளிச்சென்று தெரிந்தது. பாவம், அந்தப் பூனைகள்! எத்தனையோ மனிதர்கள் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் படத்தில் வெள்ளையைக் கண்டதும் முடிவு கட்டிவிட முடியாது. 'வெளுத்ததெல்லாம் பால் அல்ல' என்பது நம் பழமொழி. பால்மரத் தோட்டத்தில் பிழைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டாம். மழை நாளில் மங்கில் தண்ணீர் சேர்ந்த பாலும் வாளியில் வெள்ளையாகத்தான் இருக்கும். அதனால்தான் ஸ்டோரில் கிராணி கண்ணால் பார்த்துக் கணக்கு எழுதுவதில்லை. பாலில் அளவுகோலை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்த பிறகே எழுதுகிறார். மூளையில் ஆறிய பழைய தழும்பு ஒன்று இருந்தாலும், அங்கே வெறுமே தண்ணீர் மிகுதியாக இருப்பதால் விரவல் படத்தில் சில வேளை வெள்ளையாகத் தெரியும். அதைப் புதுப் பக்கவாதம் என்று எண்ணினால் மருத்துவமே தவறிப் போகும்.

ஆகவே மருத்துவர்களும் ஓர் எண்ணைக் கேட்கிறார்கள். துடிப்பு கொடுக்காமல் ஒரு படம், கொடுத்து ஒரு படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் தண்ணீர் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்று கணினி கணக்கிடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கி, நொடிக்கு இத்தனை கூறு என்று சொல்வது வழக்கம். நம் உடம்புச் சூட்டில் வெறும் தண்ணீருக்கு இந்த எண் ஏறக்குறைய 3000. நல்ல மூளைத் தசையில் 800-ஐ ஒட்டி இருக்கும். புதிதாய் அடைபட்ட இடத்தில் 600, 500 என்று இறங்கிவிடும். பழைய தழும்பில் எண் உயர்ந்திருக்கும். இரண்டும் வெள்ளையாய்த் தெரிந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த எண்ணுக்கும் ஒரு வயது உண்டு. அடைப்பு ஏற்பட்டதும் விழுகிறது. சில நாள் தாழ்ந்தே கிடக்கிறது. உயிரணுச் சுவர்கள் சிதையச் சிதைய மெல்ல ஏறி, ஒன்றிரண்டு வாரத்தில் நல்ல மூளையின் எண்ணைப் போலவே ஆகி, பிறகு அதையும் தாண்டுகிறது. நடுவில் ஒரு நாள் எண்ணை மட்டும் பார்ப்பவர் நோயே இல்லை என்று ஏமாறக்கூடும். தெரிந்த மருத்துவர் எண்ணையும் படத்தையும் ஆளையும் சேர்த்துத்தான் பார்ப்பார்.

இனி, நாம் நினைத்த அந்த வீட்டுக்குத் திரும்புவோம். மருத்துவமனைக்குப் போனதும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "அம்மா, அய்யா கடைசியாக எத்தனை மணிக்கு நல்லபடியாக இருந்தார்?" என்பது. கட்டியைக் கரைக்கும் ஊசியை, நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது பொது விதி. அதற்குப் பிறகு பயன் தேய்ந்து, கசிவின் ஆபத்து ஓங்குகிறது. நம் ஆள் இரவு 10 மணிக்குப் படுத்தார். 5 மணிக்குக் கண்டோம். நடுவில் 7 மணி நேரம். அடைப்பு 11 மணிக்கு வந்ததோ, 4 மணிக்கு வந்ததோ, யாருக்குத் தெரியும்? பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இப்படித் தூங்கி எழும்போதுதான் அதை அறிகிறார். நேரம் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் இவர்களுக்கு நெடுங்காலம் ஊசி மறுக்கப்பட்டது.

சாட்சி சொல்ல ஆள் இல்லாத இடத்தில் தண்ணீரையே சாட்சிக்குக் கூப்பிடலாமே என்று சிலர் யோசித்தார்கள். அடுப்படியில் துணி பற்றினால் புகை உடனே எழும். சுவர் கறுக்க நேரமாகும். புகை இருந்து சுவர் கறுக்கவில்லை என்றால் நெருப்பு இப்போதுதான் பிடித்தது என்று ஊகிக்கிறோம். அதுபோல விரவல் படத்தில் கெட்ட இடம் நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். ஃபிளேர் எனப்படும் இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் அதே இடம் தெரிய, பெரும்பாலும் நாலு, ஐந்து மணி நேரமாவது ஆகும். முதல் படத்தில் தெரிந்து இரண்டாவதில் தெரியவில்லை என்றால், நோய் நாலரை மணி நேரத்துக்குள் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர மருத்துவர் கோட்ஸ் தொமல்லா தலைமையில் ஐரோப்பாவில் இதைச் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. இப்படித் தேர்ந்தெடுத்த 503 பேரில் ஒரு பாதிக்கு ஊசி மருந்து. மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 3 மாதம் கழித்து, ஏறக்குறைய முழுக் குணமாகித் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொண்டவர்கள் மருந்து பெற்றவர்களில் 100-க்கு 53 பேர். பெறாதவர்களில் 42 பேர். நல்ல செய்திதான். கூடவே மறைக்கக் கூடாத செய்தியும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 100-க்கு 4 பேருக்கு மூளைக்குள் பெரிய இரத்தக் கசிவு நேர்ந்தது. பெறாதவர்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. ஊசி போடும் முன் மருத்துவர் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசுவதும் கையெழுத்துக் கேட்பதும் இதனால்தான்.

அதே 2018-இல் அமெரிக்காவில் 182 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. தொடையிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையை அடைத்த கட்டியை வெளியே இழுக்கும் முறை அது. நோய் தொடங்கி 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்களையும் சேர்த்தார்கள். ஆனால் காப்பாற்றத் தக்க மூளை இன்னும் மிச்சம் இருப்பதாகப் படம் காட்ட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் 620-க்குக் கீழே எண் இறங்கிய இடத்தைப் போய்விட்ட இடம் என்று கணக்கில் வைத்தார்கள். கட்டியை எடுத்தவர்களில் 100-க்கு 45 பேர் பிறர் துணையின்றி வாழும் நிலைக்குத் திரும்பினார்கள். எடுக்காதவர்களில் 17 பேர். அந்த 620 என்பது கல்லில் வெட்டிய கோடு அல்ல. இரத்தம் விரைவில் திரும்பினால், கீழே இறங்கிய இடத்திலும் ஒரு பகுதி பிழைத்துக்கொள்வது உண்டு.

எண் என்று வந்துவிட்டால் தராசு சரியாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனைக் கருவி 600 என்பதை இன்னொரு கருவி 680 என்றால் யாரை நம்புவது? இதற்குக் கண்ட வழி மிக எளியது. தண்ணீர்க் குழாய் ஒன்றை ஐஸ் கட்டிகள் நிறைந்த தண்ணீருக்குள் வைத்து, அதையே கருவிக்குள் படம் எடுப்பது. ஐஸ் கரைந்து முடியும்வரை அந்தத் தண்ணீர் 0 டிகிரியில் நிற்கும். 0 டிகிரித் தண்ணீருக்கு எண் ஏறக்குறைய 1100 என்பது உலகெங்கும் ஒன்றே. கருவி 1100-ஐக் காட்டாவிட்டால் பிழை கருவியில்தான். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவிக்கு ஒரு வாளி ஐஸ் நீதிபதியாக நிற்பதை எண்ணும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது, மதிப்பும் வருகிறது.

பக்கவாதம் மட்டுமல்ல, மூளையில் சீழ்க் கட்டியா, வேறு கட்டியா என்று பிரித்தறியவும், ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றைத் தேடவும், பிறக்கும்போது மூச்சுத் திணறிய பச்சைக் குழந்தையின் மூளையைப் பார்க்கவும் இந்த முறை பயன்படுகிறது. அவற்றைத் தனியே பேச வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், 'நம் ஊர் மருத்துவமனையில் இது உண்டா?' என்று நேயர்கள் கேட்கலாம். பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. உண்டு, சிறிய மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் இல்லை. பல இடங்களில் முதலில் எடுப்பது சி.டி. ஸ்கேன்தான். இரத்தக் கசிவா, இல்லையா என்பதை அது சில நிமிடங்களில் சொல்லிவிடும். "எம்.ஆர்.ஐ. எடுக்காமல் ஏமாற்றுகிறார்கள்" என்று சண்டை போட வேண்டியதில்லை. நோய் தொடங்கிய நேரம் உறுதியாகத் தெரிந்து, சி.டி.யில் கசிவு இல்லை என்றும் தெரிந்துவிட்டால், எம்.ஆர்.ஐ.க்குக் காத்திராமலே ஊசி போடுவார்கள். நேரம் தெரியாதபோதுதான் தண்ணீரின் சாட்சி பெரிதாகத் தேவைப்படுகிறது.

ஆகவே வீட்டார் சாட்சிதான் முதல் சாட்சி. அந்த மனைவி பதற்றத்தில் "10 மணிக்குப் படுத்தார்" என்று மட்டும் சொன்னார். மகன் குறுக்கிட்டு, "அம்மா, 3 மணிக்கு அப்பா எழுந்து வெளியே போயிட்டு வந்து என்கிட்டத் தண்ணி கேட்டாரே, நல்லாத்தானே பேசினாரு" என்று நினைவுபடுத்தினான் என்று வைத்துக்கொள்வோம். 7 மணி நேரம் 2 மணி நேரமாகிவிட்டது! கருவியே இல்லாத மருத்துவமனையிலும் அவருக்கு ஊசி கிடைக்க வழி பிறந்துவிட்டது. கடைசியாக நல்லபடி நடந்தது, பேசியது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது. அவர் தின்னும் மாத்திரைகளையும், முக்கியமாக இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை இருந்தால் அதையும் உடன் கொண்டுபோக வேண்டும்.

தைலம் தேய்க்கும் அரை மணியும், வண்டிக்குக் காத்திருக்கும் அரை மணியும் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் அமெரிக்க மருத்துவர் ஜெப்ரி சேவர் கணக்கிட்டுக் காட்டினார். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே 999-ஐக் கூப்பிட வேண்டும். தோட்டம் ரோட்டிலிருந்து பத்துக் கட்டை உள்ளே இருக்கிறது என்றால், ஆம்புலன்சுக்கு வழி சொல்ல ஓர் ஆள் முனையில் நிற்கட்டும். காப்பியோ கஞ்சியோ வாயில் ஊற்றக் கூடாது; விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். கசிவா, அடைப்பா என்று தெரியும்முன் ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்கக் கூடாது.

காந்தக் கூண்டுக்குள் போகுமுன் நோயாளியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்பார்கள். இருதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா, வெல்டிங் வேலை அல்லது இரும்பு தேய்க்கும் வேலை செய்து கண்ணில் தூள் பட்டதுண்டா என்றெல்லாம். வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்ல வேண்டும். உள்ளே கட்டடம் இடிவதுபோல் சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். விரவல் படத்துக்கு மட்டும் சில நிமிடந்தான் ஆகும்.

பெண்களுக்கு ஒரு சொல். தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று நம் தாய்மார்கள் பயந்து தயங்குவது உண்டு. தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் எந்த உலோகமும் உடம்பில் இருந்தால் படம் கெடும், சூடும் ஏறக்கூடும் என்பதால் எல்லா நகையையும் கழற்றச் சொல்கிறார்கள். உண்மையில் ஆபத்து தாலிக் கயிற்றில் நாம் கோத்து வைத்திருக்கும் இரும்பு ஊக்குகளில்தான் இருக்கிறது. கூந்தலில் செருகிய ஊசியும், அரைஞாண் கயிற்றில் கட்டிய தாயத்துத் தகடும் அப்படியே. மனம் ஒப்பாதவர்கள் ஒரு மஞ்சள் துண்டை வெறும் நூலில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஊழியரிடம் காட்டிவிட்டுப் போகலாம். தாலியைக் கணவரிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டால், சில நிமிடத்தில் திரும்பக் கழுத்துக்கு வந்துவிடும்.